எண்பதுகளின் தமிழ்ப் படங்கள்: ‘நாயக’னுக்கு முன்னால் ‘வீடு’ வருவது ஏன்?

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “சித்திரைப் புத்தாண்டுக்கு வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது, எண்பதுகளில் வந்த தமிழ்ப் படங்களில் எது முதன்மையானது என்று பேச்சு வந்தது. அப்பா ‘நாயகன்’ என்றார். பெரியப்பா ‘முதல் மரியாதை’யை விட்டுக்கொடுக்கவில்லை. அம்மாவுக்கு ‘மௌன ராகம்’. நீங்கள் ‘வீடு’தான் முதலிடம் என்று சொல்லி வருவதாக அறிந்தோம். பாட்டே இல்லாத ஒரு படத்தை எப்படி முதலில் வைக்கிறீர்கள்? முதல் பத்தையும் வரிசையாகச் சொல்ல முடியுமா?”

வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் ‘வீடு’ (1988). இரண்டாவது ‘முதல் மரியாதை’ (1985). மூன்றாவது ‘நாயகன்’ (1987). அதற்குப் பிறகு ‘தண்ணீர் தண்ணீர்’ (1981), ‘மௌன ராகம்’ (1986), ‘வேதம் புதிது’ (1987), ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ (1980), ‘மூன்றாம் பிறை’ (1982), ‘சிந்து பைரவி’ (1985). பத்தாவது இடத்தைக் கடைசியில் பேசிக்கொள்வோம். அதில் எனக்கும் என் நண்பர் ஒருவருக்கும் நெடுநாளாக வழக்கு இருக்கிறது. உங்கள் வீட்டார் மூவரின் படங்களும் முதல் ஐந்துக்குள் வந்துவிட்டன என்பதையும் கவனியுங்கள். நல்ல ரசனையுள்ள குடும்பம்.

1980 தொடக்கம் 1989 முடியும் வரை திரைக்கு வந்தவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். இதைச் சொல்லக் காரணம் உண்டு. திருகோணமலையில் இந்தப் பேச்சு எழும் இடமெல்லாம் யாராவது ஒருவர் ‘உதிரிப்பூக்க’ளைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிடுவார். அது 1979. ‘முள்ளும் மலரு’ம் ‘அவள் அப்படித்தா’னும் 1978. அந்த மூன்றையும் உள்ளே விட்டால் என் பட்டியலின் தலைப்பகுதியே மாறிவிடும். மகேந்திரன், பாரதிராஜா, ருத்ரையா, பாலு மகேந்திரா ஆகியோர் எழுபதுகளின் கடைசியில் திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் எண்பதுகளின் நல்ல படங்கள் உள்ளே வந்தன என்பது உண்மை. ஆனாலும் ஒரு பத்தாண்டுக்குப் பக்கத்துப் பத்தாண்டிலிருந்து கடன் வாங்கிக் கொடுக்கக் கூடாது.

அடுத்தது இதைவிட முக்கியமானது. நம்முடைய மூத்தவர்களின் வரிசைகளைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், எண்பதுகளின் படங்கள் நம்மிடம் எப்படி வந்து சேர்ந்தன என்பது தெரிந்திருக்க வேண்டும். அவை முதலில் காது வழியாக வந்தன. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் காலையில் ‘பொங்கும் பூம்புனல்’, பிறகு நேயர் விருப்பம், கே. எஸ். ராஜாவின் குரலில் ‘திரைவிருந்து’. அவர் ஒரு படத்தை அறிவிக்கும் வேகத்திலேயே அந்தப் படம் நம் மனத்தில் பாதி ஓடி முடிந்துவிடும். படச்சுருளோ பல மாதம் கழித்துத்தான் வரும். அரசின் திரைப்படக் கூட்டுத்தாபனம் இறக்குமதி செய்தால்தான் உண்டு. சில படங்கள் தியேட்டர்ப் பக்கமே வரவில்லை. ஆகவே நம்மில் பலர் பாட்டைக் கேட்டு மனத்தில் ஒரு படத்தை எடுத்து வைத்திருந்தோம். பிறகு திரையில் பார்த்தது அந்த மனப்படத்தோடு போட்டி போட வேண்டியிருந்தது.

இதற்குச் சரியான எடுத்துக்காட்டு பாரதிராஜாவின் ‘நிழல்கள்’ (1980). ‘இது ஒரு பொன்மாலைப் பொழுது’ வைரமுத்து திரைக்கு எழுதிய முதல் பாட்டு. ‘மடை திறந்து’, ‘பூங்கதவே தாழ் திறவாய்’ எல்லாம் அந்தப் படத்தில்தான். எஸ். ஜானகி பாடிய ‘தூரத்தில் நான் கண்ட உன் முகம்’ படத்தில் இடம்பெறவே இல்லை. ஆனாலும் வானொலி கேட்டு வளர்ந்த யாரைக் கேட்டாலும் அதை முழுதாகப் பாடிக் காட்டுவார்கள். படமோ தமிழ்நாட்டில் ஓடவில்லை. வேலையில்லாத இளைஞர்களைப் பற்றிய கதை அது. அதே ஆண்டில் அதே விஷயத்தைப் பாலசந்தர் ‘வறுமையின் நிறம் சிவப்’பில் இன்னும் கூர்மையாகச் சொன்னார். டெல்லியில் ஓர் அறையில் பசியோடு கிடக்கும் நண்பர்கள், வந்திருக்கும் பெண்ணுக்குத் தெரியக் கூடாது என்று உள்ளே போய்ச் சாப்பிடுவதுபோல் பாவனை செய்கிறார்கள். அவள் எட்டிப் பார்த்துவிடுகிறாள். ‘நிழல்க’ளில் அதற்கு ஈடான காட்சி எதுவும் இல்லை. அப்படியிருந்தும் நம்மூரில் ‘நிழல்க’ளை முதல் பத்தில் சேர்க்காவிட்டால் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. அவர்கள் வரிசைப்படுத்துவது இளையராஜாவை. அது தனியாகச் செய்ய வேண்டிய வேலை. செய்தால் நானும் கூட நிற்பேன்.

1983 யூலை இனக்கலவரத்துக்குப் பிறகு நிலைமை வேறு. இரவுக் காட்சிக்குத் தியேட்டருக்குப் போய் வருவது என்பது நினைத்துப் பார்க்க முடியாததாயிற்று. படம் ஒழுங்கைக்குள் வந்தது. வாடகைக்கு எடுத்த ஒரு டிவி, ஒரு டெக், மின்சாரம் இல்லாத இடமென்றால் ஒரு ஜெனரேட்டர், ஓர் இரவுக்கு மூன்று நான்கு கசெட். வீட்டுக்கு வீடு காசு பிரித்து, முற்றத்தில் பாய் விரித்து, விடியும்வரை போடுவார்கள். பெண்களும் பிள்ளைகளும் முன்வரிசையில் இருப்பார்கள். இளைஞர்கள் பின்னால் வேலியோரம் நிற்பார்கள், தெருவில் வாகனச் சத்தம் கேட்டால் முதலில் எழும்ப வேண்டியவர்கள் அவர்கள் என்பதால்.

அந்தக் கசெட்டுகள் பிரதிக்குப் பிரதி எடுத்தவை. நிறம் வெளிறியிருக்கும், திரையின் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டிருக்கும், இருட்டான காட்சியென்றால் வெறும் கறுப்புத்தான். பி. சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவு முழுவதும் இருட்டுக்குள் வெளிச்சத்தைத் தேடுவது. ‘நாயக’னிலும் ‘அக்னி நட்சத்திர’த்திலும் (1988) ஒரு முகத்தின் பாதியில் மட்டும் ஒளி விழும், மறுபாதியைப் பார்ப்பவர் தாமாக நிரப்பிக்கொள்ள வேண்டும். தேய்ந்த கசெட்டில் அந்தப் பாதியும் தெரியாது. மாறாக, ‘முதல் மரியாதை’யில் சிவாஜியின் முகம் எந்தக் கசெட்டிலும் தப்பிப் பிழைத்தது. பகல் வெளிச்சம், ஆற்றங்கரை, அண்மைக் காட்சியில் ஒரு மனிதனின் கண். உங்கள் பெரியப்பா அந்தப் படத்தை அந்தக் காலத்திலேயே பார்த்திருப்பார். உங்கள் அப்பா ‘நாயக’னை நல்ல பிரதியில் பிற்காலத்தில் பார்த்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஏனென்றால் அது 1987 ஒக்டோபரில் தீபாவளிக்கு வெளிவந்தது. அந்த ஒக்டோபரில்தான் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டது. வடக்கு கிழக்கில் அப்போது படம் பார்க்கும் மனநிலையில் யார் இருந்தார்கள்?

ஆகவே அன்று பார்த்தவர்கள் எல்லோரும் இந்தப் படங்களை நல்ல பிரதியில் திரும்ப ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வரிசைக்கு வர வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன். சில படங்கள் கீழே இறங்கின. ‘நாயகன்’ மேலே ஏறியது.

‘நாயக’னைப் பற்றி நான் குறைத்துப் பேசமாட்டேன். தாராவியைச் சென்னையில் அரங்காகப் போட்டுக் காட்டிய தோட்டா தரணிக்கும், ஸ்ரீராமுக்கும், கமல்ஹாசனுக்கும் அந்த ஆண்டின் தேசிய விருது கிடைத்தது. மூன்றும் தகும். விலைமாதர் வீட்டில் கமலின் வேலுவிடம் அனுப்பப்படும் சிறுபெண், நாளைக்குக் கணக்குப் பரீட்சை இருக்கிறது, கொஞ்சம் சீக்கிரம் விட்டுவிடுவீர்களா என்று கேட்கும் இடம் ஒன்று போதும், மணிரத்னம் எப்பேர்ப்பட்ட எழுத்தாளர் என்பதற்கு. சரண்யாவின் முதல் படம் அது. அந்தப் பெண்ணின் குரலில் கெஞ்சல் கிடையாது; பள்ளிக்கூடப் பிள்ளை ஆசிரியரிடம் அனுமதி கேட்கும் தொனி. அதனால்தான் நெஞ்சு பதறுகிறது.

குறை எங்கே என்றால், பிற்பாதியில் படம் ஆண்டுகளைத் தாண்டித் தாண்டி ஓடுகிறது. அந்தப் பெண் நீலா, தன் மனத்தில் என்ன இருக்கிறது என்று நமக்குச் சொல்லும் முன்பே கொல்லப்படுகிறாள். மகள் தந்தையை நேருக்கு நேர் கேட்கும் கேள்விகள் கூர்மையானவை. ஆனால் அவற்றுக்குப் படம் பதில் சொல்லாமல், அழும் தந்தையின் முகத்தை நமக்குக் கொடுத்துவிடுகிறது. அந்த முகத்தில் கமல் செய்வதைப் பார்த்த பிறகு நாம் கேள்வியை மறந்துவிடுகிறோம். நல்லவரா கெட்டவரா என்று பேரன் கேட்பதற்கு வேலு நாயக்கர் தெரியவில்லை என்கிறார். படம் தன் இசையாலும் ஒளியாலும் முன்கூட்டியே நல்லவர் என்று முடிவு கட்டிவிட்டது. ஆயுதம் ஏந்தியவர்கள் ஊரின் நன்மைக்காக ஊரையே ஆள்வதைக் கண்ணால் கண்ட நம் போன்றவர்களுக்கு அந்த முடிவு அவ்வளவு எளிதாக இறங்காது. நான் அதை மூன்றாவதாக வைத்ததற்கு இதுவே காரணம்.

‘முதல் மரியாதை’யும் குறையில்லாத படம் என்று சொல்லமாட்டேன். பொன்னாத்தாவை ஒரே நிறத்தில் தீட்டியிருக்கிறார்கள். வடிவுக்கரசியின் ஆற்றல்தான் அந்தப் பாத்திரத்தைக் காப்பாற்றுகிறது. ஆனால் மலைச்சாமி என்ற அந்த நடுத்தர வயதுக்காரர், பரிசல் ஓட்டும் குயில் என்ற பெண்ணிடம் சொல்ல முடியாமல் வைத்திருக்கும் அன்பு இருக்கிறதே, அதற்கு நிகராகத் தமிழ்த் திரையில் வேறொன்றை நான் காணவில்லை. இளவட்டக் கல்லைத் தூக்கினால் குயிலைக் கட்டிக்கொள்ளலாம் என்று விளையாட்டாக வந்த பேச்சை மனத்தில் வைத்துக்கொண்டு, தனியாக இருக்கும்போது அந்தக் கல்லைத் தூக்கிப் பார்க்கிறாரே, அந்தக் காட்சியைப் பாருங்கள். தூக்கிவிட்டோம் என்ற பெருமையும் இந்த வயதில் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்ற கூச்சமும் ஒரே கணத்தில் முகத்தில் வந்து போகின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உரத்து நடித்த ஒரு மகா நடிகரைப் பாரதிராஜா குரலைத் தாழ்த்திப் பேச வைத்தார். அதற்கு அந்த நடிகர் சம்மதித்தார் என்பதும் பெரிய விஷயம். வைரமுத்துவுக்கு முதல் தேசிய விருதைக் கொடுத்ததும் இந்தப் படம்தான்.

இனி ‘வீடு’.

1987ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த நடிகர் ‘நாயக’னில் நடித்த கமல்ஹாசன், சிறந்த நடிகை ‘வீட்’டில் நடித்த அர்ச்சனா. சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வானது, அடுத்த ஆண்டு திரைக்கு வந்த ‘வீடு’. ஆகவே இந்த இரண்டுக்கும் நடுவில் எதை முன்னே வைப்பது என்ற வழக்கு இன்று நேற்று வந்ததல்ல.

கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். சென்னையில் வாடகை வீட்டில் இருக்கிறாள் சுதா, தங்கையோடும் தாத்தாவோடும். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறோம், காலி செய்யுங்கள் என்கிறார்கள். வாடகைக்கு வீடு தேடி அலைந்து களைத்த பிறகு, கையில் இருக்கும் இரண்டு மனைகளில் ஒன்றை விற்று மற்றதில் வீடு கட்டத் தொடங்குகிறாள். கடன், லஞ்சம், மழை, சிமெந்தைத் திருடி விற்கும் ஒப்பந்தக்காரர், கடன் தருகிறேன் என்று வேறு எண்ணத்தோடு நெருங்கும் மேலதிகாரி. சுவர்கள் ஒருவழியாக எழுகின்றன. கடைசியில் அந்த நிலமே குடிநீர் வாரியம் எடுத்துக்கொண்ட நிலம் என்று தெரியவருகிறது. அவ்வளவுதான். பாட்டு இல்லை, சண்டை இல்லை, வில்லன் என்று கைநீட்டிக் காட்ட ஒருவர்கூட இல்லை. இளையராஜா முன்பே தனியாக வெளியிட்டிருந்த ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பிலிருந்து எடுத்த இசை தேவையான இடத்தில் மட்டும் வருகிறது.

படத்துக்காக உண்மையிலேயே ஒரு வீட்டைக் கட்டினார்கள். அஸ்திவாரம் தோண்டுவதும், கம்பி கட்டுவதும், சுவர் எழுவதும் நம் கண்முன்னே நடக்கின்றன. ஆகவே பார்த்துக்கொண்டிருக்கும்போதே நமக்கும் அந்த வீட்டில் ஓர் உரிமை வந்துவிடுகிறது. இந்த மூட்டை எங்கே போயிற்று, இந்தச் சுவர் மழையில் நனைகிறதே என்று நாமும் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம்.

தாத்தா முருகேசனாக நடித்த சொக்கலிங்க பாகவதர் வீட்டைப் பார்க்கத் தனியாக வரும் காட்சிதான் இந்தப் பத்தாண்டின் உச்சம் என்பேன். பாதி முடிந்த வீடு. பூசாத செங்கல். கிழவர் அறை அறையாக நடக்கிறார். சுவரைக் கையால் தடவிப் பார்க்கிறார். கதவில்லாத நிலை வழியாக உள்ளே போய் வெளியே வருகிறார். முகத்தில் குழந்தைக்கு வரும் சிரிப்பு. ஒரு வார்த்தை பேசுவதில்லை. காமிரா அவருக்கு வழிவிட்டு, அவர் நிற்கும் இடத்தில் நின்று, நடக்கும் இடத்தில் நடக்கிறது. அந்த வருகைக்குப் பிறகு அவர் உயிரோடு இருப்பதில்லை. அந்த மரணத்துக்குப் பாலு மகேந்திரா தனியாக ஓலம் எதுவும் சேர்க்கவில்லை. சுவரைத் தடவிய அந்தக் கை போதும் என்று நம்பினார்.

பாலு மகேந்திரா நம் கிழக்கு மண்ணின் பிள்ளை. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். பூனா திரைப்படக் கல்லூரிக்குப் போய் ஒளிப்பதிவு படித்தவர். சிறுவயதில் தன் அம்மா ஒரு வீடு கட்டத் தொடங்கியதும், அந்த வேலையில் அவர் முகத்துச் சிரிப்பு மறைந்துபோனதைப் பார்த்த நினைவுதான் இந்தப் படத்துக்கு வித்து என்று அவரே சொல்லியிருக்கிறார். சென்னையில் நடக்கும் கதைக்குள் மட்டக்களப்பு வீடு ஒன்று இருக்கிறது. நம்முடைய சொந்தத் தமிழ்ச் சினிமா ‘பொன்மணி’ (1977), ‘வாடைக்காற்று’ (1978) என்று கொஞ்சம் தலையெடுத்த பிறகு எண்பதுகளில் ஏறத்தாழ நின்றே போயிற்று. அந்தப் பத்தாண்டில் நம் மண்ணின் நினைவு ஒன்று இவ்வளவு தெளிவாகத் திரையில் பதிவானது, ஒரு தமிழ்நாட்டுப் படத்துக்குள்தான். இதை நான் உரிமை கொண்டாடுவதற்காகச் சொல்லவில்லை. அந்தத் தாத்தாவின் நடையில், அந்தச் சுதா கணக்குக் கொப்பியைத் திறக்கும் விதத்தில், நமக்கு ஏன் இவ்வளவு பழக்கம் தெரிகிறது என்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு வாசகசாலையில் நண்பர்களாகச் சேர்ந்து ‘வீடு’ போட்டோம். சம்பூர்ப் பக்கத்து ஐயா ஒருவர் வந்திருந்தார். 2006 இல் இடம்பெயர்ந்து, காணி 2015க்குப் பிறகே திரும்பக் கிடைத்த மக்களில் ஒருவர். அத்தனை முகாம்களுக்கும் காணி உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கூடவே கொண்டு திரிந்தவர். படம் முடிந்து விளக்குப் போட்டதும் மற்றவர்கள் ஒளிப்பதிவைப் பற்றியும் நடிப்பைப் பற்றியும் பேசத் தொடங்கினார்கள். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: “அந்தப் பிள்ளைக்கு நட்டஈடு கிடைத்ததா?” படம் அதைச் சொல்லவில்லை என்றோம். “அப்போ கிடைத்திருக்காது” என்றார். திரையில் கண்ட ஒரு பெண்ணின் காணி வழக்கை அவர் தன் அயலவரின் வழக்கைப்போல் விசாரித்தார். ஒரு படம் இந்த அளவுக்கு நம்ப வைத்துவிட்டால், அதில் எத்தனை பாட்டு இருந்தது என்று யார் எண்ணுவார்கள்? உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான், தம்பி.

நான்காவதாக வைத்த ‘தண்ணீர் தண்ணீர்’ கோமல் சுவாமிநாதனின் நாடகத்திலிருந்து வந்தது. மேடையின் வாசனை ஆங்காங்கே வீசத்தான் செய்கிறது. வசனங்கள் சில இடங்களில் கூட்டத்தைப் பார்த்துப் பேசுகின்றன. ஆனால் தண்ணீரில்லாத அத்திப்பட்டிக் கிராமத்து மக்கள் வாய்க்கால் வெட்டத் தொடங்கியதும் அதைச் சட்டம் வந்து தடுக்கும் அந்தப் பகுதியில் பாலசந்தரின் கோபம் பொய்யில்லாதது. வாளியோடு தண்ணீர் பவுசருக்காகக் காத்து நின்றவர்கள் எங்கள் மாவட்டத்து உட்கிராமங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சரிதாவின் முகத்தை விளக்க வேண்டியதில்லை.

‘மௌன ராக’த்தை ஐந்தாவதாக வைத்ததற்கு உங்கள் அம்மா வருத்தப்படக் கூடாது. புதுக் கணவன் என்ன பரிசு வேண்டும் என்று கேட்க, விவாகரத்து வேண்டும் என்று ஒரு பெண் தலைகுனியாமல் சொன்ன காட்சி அந்தக் காலத்தில் எத்தனை வீடுகளில் எத்தனை பேரைத் திடுக்கிட வைத்திருக்கும்! ரேவதி அந்தப் பெண்ணைக் கெட்டவளாகவும் காட்டவில்லை, பாவப்பட்டவளாகவும் காட்டவில்லை. பழைய காதலனாகக் கார்த்திக் வரும் பகுதி சிறியது, ஆனால் துள்ளல் மிகுந்தது. அதனால் அவர் போன பிறகு படம் கொஞ்சம் ஏங்கி நிற்கிறது. ரயிலைத் துரத்தும் முடிவு மற்றப் படங்களிலிருந்து வந்தது. கணவனாக வரும் மோகனின் பொறுமையான நடிப்பை யாரும் போதிய அளவு பாராட்டவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. அவரைத் திரைக்குக் கொண்டுவந்ததும் பாலு மகேந்திராதான், ‘கோகிலா’ என்ற கன்னடப் படத்தில்.

‘வேதம் புதி’தில் ஒரே ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஊர்ப் பெரியவர் பாலுத்தேவர் சிறுவன் ஒருவனிடம் தன் பெயரைச் சொல்கிறார். பாலு உங்கள் பெயர், தேவர் என்பது நீங்கள் படித்து வாங்கிய பட்டமா என்று சிறுவன் கேட்கிறான். அறை விழுந்ததுபோல் சத்யராஜ் நிற்கிறார். அந்தக் கேள்வியை இன்றும் எந்த ஊர்த் திருவிழாவிலும், எந்தக் கலியாணப் பேச்சிலும் கேட்கலாம். நம் ஊர்களிலும் கேட்க வேண்டிய இடங்கள் நிறைய இருக்கின்றன. படம் முழுவதும் இந்த உயரத்தில் நிற்கவில்லை. நின்றிருந்தால் முதல் மூன்றுக்குள் வந்திருக்கும்.

‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ அசோக்குமாரின் ஒளிப்பதிவுக்காகவும், சுஹாசினி என்ற புதுமுகத்துக்காகவும். பனிமூட்டத்தில் இருவர் ஓடிக்கொண்டே இருக்கும் அந்தப் பாட்டில் கதைமாந்தர்களின் இயல்பு முழுதும் சொல்லியாகிவிடுகிறது. ‘மூன்றாம் பிறை’யை எட்டாவது இடத்துக்குத் தள்ளியதற்காகக் கோபப்படுகிறவர்கள் உண்டு. ரயில் நிலையக் காட்சியில் கமல் குரங்குச் சேட்டை காட்டி, தன்னை மறந்துவிட்ட ஸ்ரீதேவிக்கு நினைவூட்டப் பார்ப்பதை இன்றும் என்னால் கலங்காமல் பார்க்க முடியாது. கண்ணதாசன் கடைசியாக எழுதிய ‘கண்ணே கலைமானே’ இந்தப் படத்தில் இருக்கிறது. ஆனால் சில்க் ஸ்மிதாவின் பகுதி வியாபாரத்துக்காக ஒட்டியது. கமலின் சீனு மீது நாம் வைக்கும் நம்பிக்கைக்கு அது உதவவில்லை. இதே இயக்குநர் சில ஆண்டுகள் கழித்து ‘வீட்’டில் அப்படி எதையும் சேர்க்காமல் எடுத்துக் காட்டியபோது, முன்பு கொடுத்த விலை எவ்வளவு என்பது தெரிந்தது.

‘சிந்து பைரவி’யில் இளையராஜாவுக்கும் சித்ராவுக்கும் சுஹாசினிக்கும் தேசிய விருது. தியாகராஜரின் கீர்த்தனையும் நாட்டார் மெட்டும் ஒரே சாரமதி ராகத்தில் வந்து சேரும் காட்சி, சபாவில் தமிழ்ப் பாட்டுப் பாடினால் என்ன என்று கேட்ட எல்லோருக்கும் கிடைத்த வெற்றி. பிற்பாதியில் கதை ஒரு பெண்ணின் தியாகத்தில் போய் ஒதுங்குவது எனக்கு உவப்பாக இல்லை.

மக்கள் கொண்டாடிய படங்களை நான் விலக்கி வைத்ததாக நினைக்க வேண்டாம். ‘கரகாட்டக்காரன்’ (1989) நம்மூர்க் கோயில் திருவிழாக் காலத்தில் போட்டால் இன்றும் முற்றம் நிறையும். விசுவின் ‘சம்சாரம் அது மின்சார’த்தில் (1986) வீட்டுக்கு நடுவே கோடு போடும் காட்சியும் மனோரமா வந்து ஒரு குடும்பத்தையே கிழித்துப்போடும் காட்சியும் நாடகத் திறத்துக்கு உயர்ந்த எடுத்துக்காட்டுகள். பத்துக்குப் பதில் பதினைந்து கேட்டிருந்தால் இரண்டும் வந்திருக்கும். பாடல்களுக்குப் பாரதியின் கவிதைகளை மட்டும் வைத்து ஹரிஹரன் எடுத்த ‘ஏழாவது மனித’னும் (1982) வந்திருக்கும், ரகுவரனின் தொடக்கத்தை அதில்தான் பார்க்க வேண்டும்.

பத்தாவது இடம். என் நண்பர் பாக்யராஜின் ‘அந்த 7 நாட்க’ளுக்காக (1981) நிற்கிறார். அவருடைய வாதம் வலுவானது. சாகப்போகும் தாயின் மன நிம்மதிக்காகத் திருமணம் செய்த மருத்துவர், ஒரு வாரத்தில் மனைவியை அவள் காதலனிடமே சேர்த்து வைப்பதாக வாக்குக் கொடுக்கிறார். காதலனோ பாலக்காட்டு மாதவன் என்ற வெகுளியான இசைக் கலைஞன். சிரிக்க வைத்துக்கொண்டே இறுக்கத்தைக் கூட்டும் திரைக்கதை, எம். எஸ். விஸ்வநாதனின் இசை. ஆனால் கடைசியில் தாலி குறுக்கே வந்து நின்று எல்லாவற்றையும் தீர்த்துவிடுகிறது. அவ்வளவு நேரம் அந்தப் பெண்ணின் விருப்பத்தைப் பேசிய படம், முடிவை அவள் கையில் கொடுக்காமல் போகிறது.

நான் நிற்பது மகேந்திரனின் ‘ஜானி’க்காக (1980). இரட்டை வேடக் கதை சுமார்தான். முடிதிருத்துபவர், திருடர் என்ற ஆள்மாறாட்டம் எந்தப் படத்திலும் கிடைக்கும். ஆனால் பாடகி அர்ச்சனாவாக ஸ்ரீதேவி, தன்னைத் திருமணம் செய்துகொள்ளும்படி ரஜினியிடம் கேட்கும் காட்சி வேறெங்கும் கிடைக்காது. அவர் தயங்குவது தன் இழிவை நினைத்து. அவளோ, மேடையில் பாடுகிறவள் என்பதால்தான் தயங்குகிறார் என்று எடுத்துக்கொள்கிறாள். இருவருமே தம்மைத் தாழ்த்திக்கொண்டு மற்றவரைக் காயப்படுத்துகிறார்கள், பிறகு ஒரு சொல்லில் அது சரியாகிறது. ரஜினியை இத்தனை அடங்கிய குரலில் பேச வைத்த படங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை.

முழுத் திரைக்கதையும் நன்றாக இருக்கும் படத்தைத் தள்ளிவிட்டு ஒரு காட்சிக்காக இடம் கொடுக்கலாமா என்று நண்பர் கேட்கிறார். கொடுக்கலாம் என்றுதான் நான் சொல்வேன். இரண்டையும் பார்த்துவிட்டு உங்கள் பெரியப்பாவிடமும் கேட்டுப் பாருங்கள். மலைச்சாமி கல்லைத் தூக்கும் காட்சியை இத்தனை ஆண்டுகளாக மறக்காதவர், இந்த வழக்கில் என் பக்கம் வருவார் என்றே நினைக்கிறேன்.